டிக்கியில் முளைத்த ஆடுதுறை 39

வா மாப்ளே, வா. திண்ணையில உக்காரு. கூரைத் திண்ணைதான், ஆனா உன் வண்டிக்குள்ள உக்கார்றதுக்கு இங்க கொஞ்சம் காஞ்சிருக்கும்.

விதைநெல்லை உன்கிட்ட குடுத்தது என் தப்பு. தாளடி நாத்தங்காலுக்கு ஆடுதுறை 39, முப்பது கிலோ மூட்டை. "உங்க டிவிஎஸ்ல வச்சா நனைஞ்சுடும் மாமா, என் கார்ல போட்டுடுங்க"ன்னு நீதான் சொன்னே. பட்டணத்துல சம்பாதிக்கிற பய, பாசமாச் சொல்றானேன்னு தூக்கிப் போட்டேன். நீ கும்பகோணத்துக் கல்யாணத்துக்குப் போய் மூணு நாள் பந்தியில உக்காந்துட்டு வந்து டிக்கியைத் திறந்தா, மூட்டை வெதுவெதுன்னு இருக்கு. சாக்கு இடுக்குல வெள்ளை வெள்ளையா முளை எட்டிப் பார்க்குது. நாங்க ஒரு நாள் ஊறவச்சு, வடிச்சு, வைக்கோல் போட்டு மூடி, ஒரு நாள் மூட்டம் வச்சு முளைகட்டுவோம். உன் வண்டி ஆள் கூலி இல்லாம அத்தனையும் பண்ணிடுச்சு. அடுத்த பட்டத்துக்கு ஊருக்கே வாடகைக்கு விடு. காருன்னு விட்டா யாரும் ஏற மாட்டான், நாத்தங்கால்னு விடு.

பாதியை நாத்தங்கால்ல தெளிச்சுட்டேன். மீதி புளிச்சுப் போச்சு. அந்தக் கணக்கை அப்புறம் பேசிக்கலாம். இப்ப வண்டியைப் பார்ப்போம்.

எனக்கு இந்த வண்டியைத் தெரியும். உனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே தெரியும். பண்ணை வீட்டு அம்பாசடர். ஸ்டியரிங் கிட்டயே கை கியரு. பன்னண்டு வருசம் அந்த கியரைப் போட்டவன் இந்தக் கையி. அவங்க வித்து, வாங்கினவன் வித்து, அவன்கிட்ட வாங்கினவனும் வித்து, கடைசியில நீ "ஹெரிடேஜ்"னு சொல்லி, அவங்க புதுசா வாங்கினதைவிட மூணு மடங்கு குடுத்து வாங்கிட்டு வந்து நிக்கிறே. வாங்கினது வாங்கினே, ஒரு மழை நாள்ல போய்ப் பார்த்திருக்கலாம். மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பான், காருக்கு பாட்டு கேக்குதான்னு பார்த்தியாம்.

வண்டி மேல குத்தம் சொல்ல மாட்டேன். பூர்வீகம் இங்கிலாந்து. ஆக்ஸ்ஃபோர்டுகிட்ட கௌலின்னு ஊரு. அங்க மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுன்னு ஓடினதோட மூணாம் வரிசையை எடுத்துத்தான் வங்காளத்துல, உத்தரபாராவுல, 1950-கள் கடைசியில அம்பாசடர்னு செய்ய ஆரம்பிச்சாங்க. 2014-ல நிறுத்திட்டாங்க. பொறந்த ஊரும் மழை ஊரு, வளர்ந்த ஊரும் மழை ஊரு. மழை தெரியாத வண்டி இல்ல அது. நாப்பது வருசத்துல ரப்பர் காஞ்சு வெடிக்கும். அது வயசு. உனக்கு முப்பத்திமூணுலயே முன் நெத்தி ஏறிப் போச்சே, அதுக்கு உங்கம்மாவையா குத்தம் சொல்றோம்?

நீ பண்ணின வைத்தியத்தைப் பார்த்தேன். ரெண்டு டியூப் சிலிகான் வாங்கிட்டு வந்து, பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவன் மாதிரி கண்ணாடி சுத்தி, கதவு சுத்தி, டேஷ்போர்டு அடியிலன்னு அப்பியிருக்கே. ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி வினிகர் வாடை அடிச்சுதா? அது அமிலம் மாப்ளே. கண்ணாடித் தொட்டிக்கு நல்லது. பெயின்ட் உரிஞ்ச தகரத்து மேல அதை அப்பினா, அடியில துரு சம்மணம் போட்டு உக்காந்துக்கும். ஒழுக்கு நின்ன மாதிரி இருக்கும், தகரம் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் நாளைக்கு உண்மையான ரப்பரை மாட்டலாம்னா அது மேல எதுவும் ஒட்டாது. மொத்தத்தையும் பிளேடு போட்டுச் சுரண்டு முதல்ல. இன்னைக்கு முழுக்க உனக்கு அதுதான் வேலை. சுரண்டிக்கிட்டே கேளு.

நீ வயக்காட்டுப் பையன்தானே? இல்ல, உன் அப்பன் வயக்காட்டுப் பையன். வரப்புல நண்டு வளை பார்த்திருக்கியா? மேல் வயல்ல தண்ணி கட்டியிருக்கும், காலையில பார்த்தா கீழ் வயலுக்குப் போயிருக்கும். கீழ்ப்பக்கம் எங்க கசியுதுன்னு பார்த்து அங்க ஒரு கூடை களிமண்ணை அப்பினவனை நான் பார்த்திருக்கேன். ராத்திரியே தண்ணி அந்த மண்ணைத் தள்ளிட்டு வந்துடும். தெரிஞ்சவன் மேல் வயல்ல இறங்கி, காலால துழாவி, தண்ணி சுழிச்சு உள்ள போற வாயைக் கண்டுபிடிச்சு அங்க மிதிப்பான். அங்க வச்ச மண்ணைத் தண்ணியே அழுத்திக் குடுக்கும். வளை நேராவா போகும்? இங்க நுழைஞ்சு அங்க வளைஞ்சு மூணு முழம் தள்ளி வெளிய வரும். உன் வண்டியும் அதேதான். கால்மாட்டுல குளம் நிக்குதுன்னா ஓட்டை கால்மாட்டுலன்னு அர்த்தம் இல்ல. மேல எங்கியோ நுழைஞ்சு, தகரத்து மடிப்பு வழியா, ஒயர் மேல ஊர்ந்து, போல்ட்டு நுனியில தொங்கி, அங்க வந்து சொட்டுது. நீ டேஷ்போர்டு அடியில படுத்துக்கிட்டு உள்பக்கமா அப்பினியே, அது கீழ் வயல்ல களிமண் வச்ச கதை. அடைக்கிறதுன்னா வெளிப்பக்கம் அடை.

இப்ப மூணு கேள்வி. பரீட்சைன்னு வச்சுக்க. வண்டி நிக்கும்போது நனையுதா, ஓடும்போது மட்டுமா? நின்னுக்கிட்டே நனைஞ்சா மேலேருந்து. ரோட்டுத் தண்ணியில ஓடினா மட்டும் நனைஞ்சா, டயர் வாரி அடிக்கிறது அடியிலேருந்து, ஃப்ளோர்ல மூடி போன ஓட்டை வழியா ஏறுது. ரெண்டாவது, வண்டி எந்தப் பக்கம் சாஞ்சு நிக்கும்? உன் வீட்டு வாசல் சரிவு, மூக்கு கீழ, முதுகு மேல. திருப்பிப் போட்டு நிறுத்திப் பாரு, குளம் இடம் மாறும். வயல் மட்டம் பார்க்கத் தெரியாதவனுக்கு இந்த ஒண்ணைச் சொல்லிக் குடுக்கறதே போதும். மூணாவது, அது மழைத் தண்ணிதானா? உன் தம்பி மாருதி வச்சிருக்கானே, அவனுக்கு முன் சீட்டுக் கால்மாட்டுல தண்ணின்னா முதல்ல ஏசி தண்ணி போற குழாய் அடைச்சிருக்கான்னு பார்க்கணும். தொட்டா வழவழன்னு, மோந்தா தித்திப்பா இருந்தா அது ரேடியேட்டர்ல ஊத்தற கூலன்ட். உன் வண்டியில ஏசியும் இல்ல, ஹீட்டரும் இல்ல. அதனால மானம் மரியாதையா வானத்தைச் சொல்லலாம்.

சீட்டைக் கழட்டு. மேட்டை எடு. அதுக்கும் அடியில சணல் மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கே, அதையும் உரி. மேல கார்ப்பெட்டு காஞ்சிருக்கும், அடியில அது போன ஐப்பசித் தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்திருக்கும். கொள்முதல் நிலையத்துல 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா நெல்லை எடுக்க மாட்டாங்க தெரியும்ல? உன் வண்டித் தரைக்கு அந்த மீட்டரை வச்சா முள்ளு உடைஞ்சு போகும். எல்லாத்தையும் வெயில் வர்ற அன்னைக்குக் களத்துல காய வை. காயாம ஓட்டையைத் தேடாதே. முழுக்க நனைஞ்சவன் கிட்ட எங்க நனைஞ்சேன்னு கேக்க முடியுமா?

காஞ்சதும் அத்தைகிட்ட முகப் பவுடர் டப்பாவை வாங்கிக்க. ஏன்னு சொல்லாதே. டேஷ்போர்டு அடியில, ரெண்டு பக்கக் கால்மாடு, டிக்கி உள்பக்கம், எல்லா இடத்துலயும் லேசாத் தட்டி விடு. தண்ணி வந்த தடம் பவுடர்ல கோடு போட்டுக் காட்டிடும். பாம்பு போன தடத்தைப் புழுதியில பார்க்கிற மாதிரி. டிக்கியை மூடிட்டுத் தண்ணி அடிச்சு, மேல துடைச்சுட்டு, அப்புறம் திறந்து பாரு. நீ உள்ள படுத்துப் பார்க்கிறேன்னு கிளம்பாதே. உங்கம்மாவுக்கு என்னால பதில் சொல்ல முடியாது.

காருக்கு உள்ள வேணா உக்காரு, டார்ச் லைட்டோட. வெளிய நான் பைப்பு பிடிக்கிறேன். பைப்பு, மோட்டார் இல்ல. வாட்டர் சர்வீஸ்ல அடிக்கிற மாதிரி பிரஷர்ல அடிச்சா புது வண்டிக்குள்ளயும் தண்ணி போகும், அது சாட்சி ஆகாது. நாத்துக்குத் தண்ணி விடற மாதிரி மெதுவா. கீழேருந்து மேல. முதல்ல கதவோட அடிப்பக்கம், அப்புறம் கதவு நடு, அப்புறம் கண்ணாடி அடி ஓரம், அப்புறம் மேல் ஓரம், கடைசியா கூரை. ஒவ்வொரு இடத்துலயும் பத்து நிமிசம். எடுத்த எடுப்புல கூரையில ஊத்தினா, தண்ணி எல்லா இடத்தையும் தொட்டுக்கிட்டுத்தான் கீழ இறங்கும். எந்த இடம் திருடன்னு எப்படித் தெரியும்?

அஞ்சு நிமிசத்துல "மாமா, ஒண்ணும் வரலை, அடுத்த இடம் போங்க"ன்னு கத்துவே. எனக்குத் தெரியும், உனக்கு எல்லாம் உடனே லோடாகணும். 2021-லயும் சரி, 2023-லயும் சரி, மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறந்தாங்க, கல்லணையில பூத் தூவித் திறக்க 16-ஆம் தேதி ஆச்சு. கடைமடைக்காரன் அதுக்கு அப்புறமும் வாய்க்காலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தான். தண்ணிக்கு வர நேரம் குடுக்கணும்.

கதவு ரப்பருக்கு ஒரு சோதனை. பத்து ரூபா நோட்டை இடுக்குல வச்சுக் கதவைச் சாத்து. வெளியேருந்து இழு. பிடிச்சுப் பிடிச்சு வந்தா ரப்பருக்கு உசிரு இருக்கு. வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு வந்தா அந்த இடம் செத்துப் போச்சு. நாலு கதவையும் சுத்தி சாணுக்குச் சாண் பாரு. ஐநூறு ரூபா நோட்டா இருந்தா நீ உள்ள இரு, இழுக்கிற வேலையை நான் பார்த்துக்கறேன். இளகலா இருக்கிற ரப்பரைக் காப்பாத்தணும்னு கிரீஸு, மண்ணெண்ணெய் தடவாதே. ஊதிப் பிசுபிசுத்துப் போகும்.

கதவுக்குள்ள தண்ணி கேக்குதுன்னு பதறினியே, அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கண்ணாடிக்கும் வெளி ரப்பருக்கும் நடுவுல மழை கதவு வயித்துக்குள்ள இறங்கும். எந்த வண்டியா இருந்தாலும் இறங்கும். கதவு அடியில ரெண்டு மூணு ஓட்டை விட்டிருப்பான், அது வழியா வடிஞ்சு போயிடும். அது ஒழுக்கு இல்ல மாப்ளே, அது பாசனம். அந்த ஓட்டையை நம்ம ஆளு என்ன பண்ணுவான்? அடியில துருப் பிடிக்காம இருக்கணும்னு கறுப்பா ஒரு கோட்டிங் அடிப்பான், அதுல வடிகாலையும் சேர்த்து மூடிடுவான். அப்புறம் கதவு பானையாயிடும், அடியிலேருந்து உளுத்துப் போகும். குச்சியால குத்தித் திறந்து விடு. அப்புறம் அந்தக் கதவு அட்டையைக் கழட்டிப் பாரு. உள்ள தகரத்தோட ஒட்டி ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கணும். கண்ணாடி ஏத்தற மிசினு ரிப்பேர்னு கழட்டினவன் எவனோ அதைக் கிழிச்சுப் போட்டுட்டுத் திரும்ப வைக்கலை. அதான் அட்டை உப்பிப் போய் அப்பளம் மாதிரி நிக்குது. நம்ம உர மூட்டைக்குள்ள வர்ற பாலித்தீன் பையை வெட்டி ஒட்டு. யூரியா வாங்கினதுக்கு அதாவது உருப்படியா வரட்டும்.

ஆமா, வண்டியை எங்க நிறுத்தறே? முருங்கை மரத்தடியில. வேதாளத்துக்கே அந்த மரம் ஒத்து வரலை, திரும்பத் திரும்ப இறக்கினாங்க. நீ போய் அங்க நிறுத்தறே. அந்தப் பொடி இலை இருக்கே, பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துல விழுந்து, மழையில ஊறி, கூழாகி, தண்ணி வடியற வழியெல்லாம் மூடிக்கும். பள்ளம் நிரம்பினா தண்ணி எங்க போகும்? வைப்பர் தண்டுக்குக் கீழ இருக்கிற ரப்பர் வழியா உன் முழங்கால் மேல. இந்த ஊர்ல வெள்ளாமை மூழ்கினது பாதி, தண்ணி வந்ததால இல்ல, போகாததால. கோடையில வடிகாலைத் தூர்வாரலைன்னா ஐப்பசியில கத்தி என்ன பிரயோஜனம்? கையை விட்டு அந்த இலைக் கூழை அள்ளு. வைப்பர் ரப்பர் ரெண்டையும் மாத்து. அதுக்குப் பெரிய காசு ஆகாது. நீ ஒழுக்குன்னு சொல்றதுல பாதி இதுலயே நின்னுடும்னு நான் எழுதித் தர்றேன். வெத்தலையில எழுதித் தர்றேன்.

உன் சிநேகிதன் ஒருத்தன் அரசாங்க ஏலத்துல அம்பாசடர் எடுத்தானே, கூரையிலேருந்து சொட்டுதுன்னு அழுதானாமே? அது சிவப்பு விளக்கு ஓட்டை. 2017 மே 1-லேருந்து யாருக்கும் சிவப்பு விளக்கு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. விளக்கைக் கழட்டினாங்க, ஒயர் போன ஓட்டையைக் கழட்ட முடியுமா? பதவி போனா அவ்வளவுதான் மிச்சம். அவனை ஒரு டிங்கர்கிட்ட போய்த் தகரம் வச்சு அடைச்சுப் பட்டி பார்க்கச் சொல்லு.

பெரிய வேலை முன் கண்ணாடிதான். மேல் மூலையில பைப்பு பிடிக்கும்போது பவுடர்ல கோடு விழுந்தா, அது பீடிங் ரப்பர் செத்த இடம். மேல பசை தடவி ஏமாத்தாதே. புது பீடிங் வாங்கு, கண்ணாடியைக் கழட்டு. கழட்டினதும் சட்டத்து விளிம்பைப் பாரு. துரு பொரிவிளங்காய் மாதிரி பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, தகரம் வெள்ளையாத் தெரியற வரைக்கும் தேய்ச்சு, ரெட் ஆக்சைடு அடிச்சு, அது மேல பெயின்ட் அடிச்சுக் காய விட்டு அப்புறம் மாட்டு. இந்த இடத்துலதான் எல்லாரும் அவசரப்படுவான். துரு மேல புது ரப்பர் போட்டா, சொத்தைப் பல்லு மேல தங்கம் கட்டின கதை.

மாட்டறதைப் பார்க்கக் கண்ணு ரெண்டு போதாது. மன்னார்குடியில பழைய கை ஒருத்தர் இருக்கார், கூட்டிட்டு வர்றேன். ரப்பரைக் கண்ணாடி சுத்தி மாட்டுவார். ரப்பரோட உள் பள்ளத்துல நைலான் கயிறைச் சுத்திவர வச்சு, ரெண்டு நுனியும் அடியில நடுவுல வண்டிக்குள்ள தொங்கற மாதிரி விடுவார். சோப்புத் தண்ணி பூசுவார். வெளிய ஒருத்தன் கண்ணாடியை உள்ளங்கையால தட்டித் தட்டி அழுத்தணும், அது நீ. உள்ள உக்காந்து அவர் கயிறை மெதுவா இழுப்பார். கயிறு வர வர ரப்பர் உதடு ஒவ்வொரு அங்குலமா சட்டத்தைத் தாண்டி உள்ள வந்து கவ்விக்கும். சப்பு சப்புன்னு ஒரு சத்தம், கன்னுக்குட்டி பால் குடிக்கிற சத்தம். மூலை வரும்போது மூச்சு விடாதே. அவசரப்பட்டு அங்க குத்தினா கண்ணாடி விரிசல் விட்டுடும், அப்புறம் உன் ஹெரிடேஜுக்குக் கண்ணாடி தேடி நீ மெட்ராஸ் வரைக்கும் போகணும்.

அதுக்கு அப்புறமும் கஜா புயல் மாதிரி ஒண்ணு வந்தா தண்ணி உள்ள வரும். 2018 நவம்பர் 16 விடிகாலை, வேதாரண்யத்துல கரை ஏறிச்சே, அன்னைக்கு மழை மேலேருந்து வரலை. பக்கத்துலேருந்து வந்துது, கீழேருந்து மேல போச்சு. அன்னைக்குக் கதவு ரப்பரைப் பத்திக் கவலைப்பட்டவன் யாரு? தென்னை எந்தப் பக்கம் விழும்னு பார்த்துக்கிட்டு நின்னோம்.

சரி, சுரண்டியாச்சு, காஞ்சாச்சு, பவுடர் தட்டித் தண்ணியும் அடிச்சாச்சு. எழுந்திரு, டிக்கிக்கு வா. பவுடர்ல கோடு எங்க? பாரு, பின் விளக்குக்குக் கீழ. விளக்கைச் சுத்தி இருக்கிற ரப்பர் வாஷர் பொடிஞ்சு போச்சு. பழைய சைக்கிள் டியூபை வெட்டி நானே வச்சுத் தர்றேன். ஆனா அந்த இத்துனூண்டு கோட்டுல வந்த தண்ணி முப்பது கிலோ நெல்லை முளைக்க வைக்குமா? வந்தது கொஞ்சம், போக வழியில்லாம நின்னதுதான் மொத்தமும். டிக்கித் தரையில, மூலையில, ஒரு வடிகால் ஓட்டை இருக்கணும். மேட்டைத் தூக்கு. விரலால தடவு. மேடா இருக்கா? ஸ்க்ரூடிரைவரால குத்து.

பார்த்தியா, தார்க் கட்டி. எவனோ வடிகால்ல தாரை உருக்கி ஊத்தியிருக்கான். வாய்க்காலை மறிச்சு வீடு கட்டற பயலா இருப்பான். இவன மாதிரி ஆளுங்களாலதான் இந்த நாடு... நல்லாக் குத்து, வரும். உள்ள துணி வேற அடைச்சிருக்கானா? இழு. மெதுவா.

என்ன துணி? சிவப்புக் கட்டம் போட்டதா?

அதை எதுக்கு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்க்கறே? ஏன் என் தோளைப் பார்க்கறே? மாப்ளே, இந்தத் துண்டு இந்த ஜில்லாவுல நூறு பேர் தோள்ல கிடக்கும். சந்தையில விக்கிறான், யார் வேணா வாங்கலாம்.

சித்திரை மாசம் அது. வல்லம் பக்கம் செம்மண் ரோடு. பின்னாடி டிக்கியில பண்ணை வீட்டம்மா பட்டுப்புடவைப் பெட்டி. அந்த ஓட்டை வழியா புழுதி வந்து பெட்டி மேல ஒரு விரக்கடை படியுது, அந்தம்மா பல்லைக் கடிக்குது. ரோட்டோரம் தார் போட்டுக்கிட்டிருந்தான். ஒரு டிரைவர் என்னடா பண்ணுவான்? ஐப்பசி வரும்னு அவனுக்கு அன்னைக்கு ஞாபகம் வருமா?

விதைநெல்லுக் கணக்குல பாதி என்னுது, போ. அத்தைகிட்ட பவுடரைப் பத்தி மட்டும் சொல்லு.